வீணையும் கேட்க வேண்டும், தவிலும் உறுத்தக் கூடாது: வீட்டில் இசை கேட்போர் ஒலி அளவைச் சீராக்க முழுமையான வழிகாட்டி

இந்த வேலையைத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படியில்தான் முதலில் கால் வைக்கிறார்கள். பாட்டின் சத்தம் ஏறி இறங்குகிறது என்றதும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் ‘கம்ப்ரசர்’ என்ற வசதியைத் தேடிப் பிடித்து இயக்கிவிடுகிறார்கள். வீணையும் தவிலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, பிடித்த கச்சேரியே ஏனோ அலுப்புத் தட்டுகிறது என்று அணைத்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். குறுந்தட்டிலிருந்து எடுத்தவை, கேசட்டிலிருந்து மாற்றியவை, நேரடிக் கச்சேரிப் பதிவுகள், திரைப்பாடல்கள் என்று கணினியில் பல ஆண்டுச் சேமிப்பு இருக்கிறது. அதைச் சீராக்கிய பிறகு உறவினர் வீடுகளிலும், சமூக மன்ற இசை வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் சிலருக்கும் இதே ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன். எல்லாரும் தடுமாறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றே. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் பாதிப் பேருக்கு ஏழாவது படியோடு வேலை முடிந்துவிடும்.

1. உங்கள் தொல்லை எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

‘சத்தம் ஏறி இறங்குகிறது’ என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு. பழைய வீணைப் பதிவு முடிந்து புதிய திரைப்பாடல் தொடங்கும்போது தூக்கிவாரிப் போடுகிறதே, அது. மற்றொன்று, ஒரே பாட்டுக்குள் உள்ள வேறுபாடு. ஆலாபனை காதில் விழவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறோம். தனி ஆவர்த்தனம் வந்ததும் ஓடிப்போய்க் குறைக்கிறோம்.

முதல் தொல்லைக்கு மருந்து, ஒவ்வொரு பாட்டையும் முழுதாகத் தூக்குவது அல்லது இறக்குவது. இதில் இசைக்கு ஒரு சேதமும் இல்லை. இரண்டாவதற்கு மருந்து, பாட்டுக்குள்ளேயே கைவைப்பது. அதில் சேதம் உண்டு. அதனால்தான் வரிசை முக்கியம்.

ஒரு மாலை முழுக்க வழக்கம்போல் கேளுங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஒலியளவில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். பாட்டு மாறும்போது என்றால் இடப்பக்கம். பாட்டின் நடுவில் என்றால் வலப்பக்கம். என் அத்தை ‘எல்லாமே நடுவில்தான்’ என்று அடித்துச் சொன்னார்; தாளில் பதினான்கு கோடு இடப்பக்கமும் மூன்று கோடு வலப்பக்கமும் இருந்தன.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பாட்டுக் கோப்புகள் உள்ள கணினி. அவற்றின் முழு நகல் வேறொரு வட்டில். பாட்டின் உரப்பைச் சொல்லும் ரீப்ளேகெயின் குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஓர் இசை இயக்கி. விண்டோஸில் நான் பரிந்துரைப்பது இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார் 2000. ஒலி அளக்கும் கைப்பேசிச் செயலி ஒன்று. ஐபோன் வைத்திருப்போருக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வெளியிட்ட இலவசச் செயலி நம்பத்தக்கது.

நகல் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வேலை ஒலியைத் தொடாது என்றாலும் ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரே நேரத்தில் எழுதப்போகிறோம். நடுவில் கம்பி கழன்றால் திரும்பப் பெற வழி வேண்டும். தாத்தா பாடிய கேசட்டை எந்தக் கடையிலும் மறுபடி வாங்க முடியாது.

கோப்பே இல்லாமல் இணைய வழியில் மட்டும் கேட்பவர்கள் மூன்றாம், நான்காம் படிகளை முடித்துவிட்டு எட்டுக்குப் போகலாம்.

3. அறையை அளந்துகொள்ளுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. இதில்தான் பாதி வேலை இருக்கிறது.

வழக்கமாக உட்காரும் நாற்காலியில், பாட்டு எதுவும் ஓடாமல், ஒலி அளக்கும் செயலியைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். என் வரவேற்பறையில் சன்னல் திறந்து, மின்விசிறி மூன்றில் சுழலும்போது 46 டெசிபெல். சன்னலை மூடி, விசிறியை ஒன்றுக்கு இறக்கினால் 39. இது கீழ் எல்லை. இதைவிட மெல்லிய சுரம் பெரும்பாலும் அறையின் இரைச்சலில் அமுங்கிவிடும்.

மேல் எல்லையை அண்டை வீடு முடிவு செய்கிறது. 2022-இல் அமைக்கப்பட்ட அக்கம்பக்கச் சத்தம் தொடர்பான சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாக இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த நேரத்தில் பாட்டை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தாழ்வாரத்தில் நின்று கேளுங்கள். வெளியே தாளம் புரிகிற அளவுக்குக் கேட்டால் அது அதிகம். புரியாத அளவுக்குக் குறைத்துவிட்டு, உள்ளே வந்து நாற்காலியில் அளங்கள். எனக்கு உச்சத்தில் 65 வந்தது.

ஆக என் இரவுச் சாளரம் 39-க்கும் 65-க்கும் நடுவே 26 டெசிபெல். விசிறியை மூன்றிலேயே விட்டிருந்தால் வெறும் 19. ஏறக்குறைய 10 டெசிபெல் கூடினால் காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்றும் என்பதை நினைவில் வைத்தால், விசிறியும் சன்னலும் இலவசமாகத் தந்த அந்த 7 எவ்வளவு பெரிது என்று தெரியும். எந்த மென்பொருளும் இசையைக் கெடுக்காமல் இதைத் தராது.

4. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ‘மேம்பாடுகளை’ நிறுத்துங்கள்

விண்டோஸ் ஒலி அமைப்பில் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’, தொலைக்காட்சியிலும் சவுண்ட்பாரிலும் ‘நைட் மோட்’, கைப்பேசியில் டால்பி, இயக்கியில் பேஸ் பூஸ்ட். இவை உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் அணையுங்கள். ஒன்று மெல்லியதைத் தூக்கும், இன்னொன்று அதையே அமுக்கும். நீங்கள் செய்யும் திருத்தம் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒலியளவை ஒரே இடத்தில் மட்டும் மாற்றுவது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இயக்கியும் கணினியும் முழு அளவில் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரிலோ ஒலிபெருக்கியிலோ மட்டும் கூட்டிக் குறையுங்கள். முதலில் அங்கே நன்றாகக் குறைத்துவிட்டு அப்புறம் கணினியை முழு அளவுக்குக் கொண்டுபோங்கள். நேர்மாறாகச் செய்து வீட்டையே அதிரவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. கோப்புகளின் உரப்பை அளந்து எழுதுங்கள்

ரீப்ளேகெயின் என்பது ஒவ்வொரு பாட்டின் சராசரி உரப்பையும் கணக்கிட்டு, ‘இதை இவ்வளவு இறக்கு’ அல்லது ‘இவ்வளவு ஏற்று’ என்று கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதிவைக்கும் முறை. ஒலித் தரவை அது தொடுவதில்லை. ஓடும்போது இயக்கி அந்தக் குறிப்பைப் படித்து அதன்படி அளவை மாற்றுகிறது. வேண்டாம் என்றால் குறிப்பை அழித்துவிடலாம்.

அளக்கும் அலகு லஃப்ஸ். பூச்சியம் உச்சி, அதற்குக் கீழே போகப் போக மெல்லியது. ரீப்ளேகெயினின் இன்றைய வடிவம் எல்லாவற்றையும் -18 லஃப்ஸுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இன்றைய திரைப்பாடல் ஒன்று -8-இல் இருந்தால் அதற்கு 10 டெசிபெல் இறக்கம். பழைய வீணைப் பதிவு -24-இல் இருந்தால் 6 டெசிபெல் ஏற்றம். இரண்டும் ஒரே தளத்தில் நிற்கும்.

ஸ்கேன் செய்யுமுன் ஆல்பம் பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஃபூபார் ஆல்பம் பெயர் போன்ற குறிப்புகளை வைத்துத்தான் பாட்டுகளைக் குழு சேர்க்கிறது. ஒரே கச்சேரியின் முதல் பாதிக்குத் தமிழிலும் மறு பாதிக்கு ஆங்கில எழுத்திலும் பெயர் இருந்தால் அது இரண்டு ஆல்பமாகப் பிரிந்துவிடும். ஆல்பம் பெயரே இல்லாத நூறு உதிரிப் பாட்டுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஆல்பம் என்று கணக்காகிவிடலாம். அப்போது தாலாட்டுக்கும் குத்துப் பாட்டுக்கும் ஒரே அளவு எழுதப்படும்.

பிறகு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், ‘ரீப்ளேகெயின்’, அதில் டேக்குகளின்படி ஆல்பங்களாக ஸ்கேன் செய்யும் வரி. முடிந்ததும் எண்கள் நிறைந்த ஓர் அட்டவணை எழும். இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். எண்கள் வந்துவிட்டன, வேலை முடிந்தது என்று அட்டவணையை மூடிவிடுகிறார்கள். கீழே ‘அப்டேட் ஃபைல் டேக்ஸ்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால்தான் எண்கள் கோப்பில் ஏறும். ஒரு வீட்டில் மூன்று வாரம் ‘ஒரு மாற்றமும் இல்லையே’ என்று புலம்பியதற்குக் காரணம் இந்த ஒரு பொத்தான்தான்.

எம்பி3கெயின் என்ற பழைய கருவியை முன்பு பயன்படுத்தியிருந்தால் கவனம். அது 1.5 டெசிபெல் படிகளாகக் கோப்பின் அளவையே மாற்றிவிடும். அத்தகைய கோப்புகளில் பழைய ரீப்ளேகெயின் எண் இனிப் பொருந்தாது. மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

6. டிராக்கா, ஆல்பமா?

அட்டவணையில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு எண்கள் இருக்கும். டிராக் எண் அந்தப் பாட்டை மட்டும் பார்த்துப் போட்டது. ஆல்பம் எண் முழுக் கச்சேரியையும் ஒன்றாகப் பார்த்துப் போட்டது. அதில் பாட்டுகளுக்கு இடையே உள்ள உறவு அப்படியே இருக்கும்.

கச்சேரிப் பதிவுகளில் ராக ஆலாபனை ஒரு கோப்பு, கிருதி ஒரு கோப்பு, தனி ஆவர்த்தனம் ஒரு கோப்பு என்று வெட்டி வைத்திருப்பார்கள். டிராக் எண்ணில் கேட்டால் ஆலாபனை தூக்கப்பட்டு, தனி இறக்கப்பட்டு, இரண்டும் ஒரே அளவில் நிற்கும். கலைஞர் ஒரு மணி நேரம் கட்டியெழுப்பிய ஏற்றம் காணாமல் போய்விடும். எனக்கு இது பொறுக்காத விஷயம். கச்சேரிக்கு எப்போதும் ஆல்பம்தான்.

பல இடத்துப் பாட்டுகளைக் கலந்து கேட்கும்போது டிராக் சரி. ஃபூபாரில் இரண்டுக்கும் நடுவில் ஒரு தேர்வு உண்டு: ‘பை பிளேபேக் ஆர்டர்’. வரிசையாகக் கேட்டால் ஆல்பம், கலைத்துக் கேட்டால் டிராக் என்று அதுவே மாறிக்கொள்ளும். பிளேபேக் அமைப்பில் அதை வைத்துவிடுங்கள்.

7. முன்பெருக்கமும் உச்சிக் காவலும்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். ‘ஸ்கேன் செய்த பிறகும் வீணை மட்டும் மெலிந்தே இருக்கிறது’ என்று வரும் புகாருக்கு விடை இங்கே இருக்கிறது.

முன்னே சொன்ன வீணைப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி -24, 6 டெசிபெல் ஏற்ற வேண்டும். ஆனால் அதே பதிவில் மிருதங்கத்தின் ஒரு ‘தோம்’ -2 டெசிபெல் உயரத்தில் நிற்கிறது. உச்சி பூச்சியம். அதற்கு மேல் டிஜிட்டலில் இடம் கிடையாது. ஆறு ஏற்றினால் அந்த ஒரு தட்டு நான்கு டெசிபெல் கூரையைத் தாண்டும். அலையின் தலை வெட்டுப்பட்டு, வட்டமாக விழ வேண்டிய ‘தோம்’ தகரத்தில் அடித்தது போல் கேட்கும்.

இதைத் தடுக்க அமைப்பில் ‘அப்ளை கெயின் அண்ட் பிரிவென்ட் கிளிப்பிங்’ என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது இயக்கி ஆறுக்குப் பதில் இரண்டு மட்டும் ஏற்றும். தட்டு பிழைத்தது. ஆனால் வீணைப் பதிவு மற்றவற்றைவிட நான்கு டெசிபெல் மெலிந்து நிற்கிறது. இதைக் கண்டதும் எல்லாரும் முன்பெருக்கத்தை, அதாவது ‘பிரீஆம்ப்’ நழுவியை, மேலே தள்ளுகிறார்கள். திரைப்பாடல்தான் ஏறுகிறது, வீணை அசையவே இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே கூரையை முட்டி நிற்கிறது.

செய்ய வேண்டியது நேர் எதிர். முன்பெருக்கத்தை -4-க்கு இறக்குங்கள். வீணைக்கு இப்போது +2 போதும், கூரை இடிக்காது. திரைப்பாடலுக்கு -14. இரண்டும் -22 லஃப்ஸில் ஒன்றாக வந்து நிற்கும். குறைந்துபோன நான்கை ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக்கொள்ளுங்கள். கச்சேரிப் பதிவு நிறைய வைத்திருப்பவர்கள் -6 வரைகூட இறக்கலாம்.

அதன் கீழே குறிப்பு எழுதப்படாத கோப்புகளுக்கென்று இன்னொரு நழுவி இருக்கும். அதை மேலதை விட 8 டெசிபெல் கீழே வையுங்கள். ஸ்கேன் செய்ய மறந்த புதுப் பாட்டு ஒன்று நடுவில் நுழைந்தால் காதைப் பிளக்காது.

8. கைப்பேசியும் இணைய இசையும்

ஆண்டிராய்டில் கோப்புகளைக் கேட்பவர்களுக்குப் பவர்ஆம்ப் ரீப்ளேகெயினைப் படிக்கும். கணினியில் ஸ்கேன் செய்த பிறகு கோப்புகளை மறுபடி கைப்பேசிக்கு நகலெடுக்க மறக்காதீர்கள். பழைய நகலில் எண்கள் இருக்காது.

ஸ்பாட்டிஃபையில் மூன்று அளவுகள் உண்டு. நடுவில் உள்ளது -14 லஃப்ஸ், ‘குவையட்’ என்பது -19, ‘லவுட்’ என்பது -11. கர்நாடக இசைக்கு ‘லவுட்’ வேண்டவே வேண்டாம். மெல்லிய பதிவை அவ்வளவு தூரம் ஏற்ற அது உச்சிகளை அமுக்கும் லிமிட்டரை நாடும், மிருதங்கத்தின் தலை தட்டப்படும். வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்க ‘குவையட்’ நல்லது. ஆப்பிள் மியூசிக்கில் ‘சவுண்ட் செக்’ என்ற ஒரே பொத்தான், அதன் இலக்கு -16 அளவில். யூடியூப் உரத்ததை இறக்கும்; மெல்லியதை ஏற்றாது. அதனால்தான் அங்கே பழைய பதிவுகள் எப்போதும் மெலிந்து கேட்கின்றன. அங்கே ‘ஸ்டேபிள் வால்யூம்’ என்று ஒரு வசதியும் உண்டு. பேச்சுக்கு அது நல்லது, இசைக்கு அணைத்துவிடுங்கள்.

பெருவிரைவு ரயிலில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஒலியைக் கூட்டுவது பழக்கமாகிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி நேரம்தான். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் வாங்குங்கள். மூன்றாம் படியில் சன்னலை மூடியதும் இதுவும் ஒரே வேலைதான்.

9. இப்போதுதான் கம்ப்ரசர்

முதல் படியில் வலப்பக்கக் கோடுகள் அதிகம் இருந்தவர்களுக்கு மட்டும் இந்தப் படி. அதுவும் இரவுக்கு மட்டும், ஒரு கச்சேரியைத் தனியாக எடுத்துக் கேட்கும்போது மட்டும். பல பதிவுகள் கலந்த பட்டியலுக்கு வைக்காதீர்கள். ஒரு பதிவுக்குப் பார்த்து வைத்த எல்லை அடுத்த பதிவை முழுதும் நசுக்கும், அல்லது தொடவே தொடாது.

என் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். சாளரம் 26 டெசிபெல். நான் அதிகம் கேட்கும் வீணைக் கச்சேரியில், நாதம் அடங்கும் வால் முதல் தனி ஆவர்த்தனத் தீர்மானம் வரை 35. பற்றாக்குறை 9. அந்த ஒன்பதை மட்டும் சுருக்கினால் போதும். அதற்கு மேல் ஒரு டெசிபெல் சுருக்கினாலும் அது வீண் சேதம்.

இதற்கு விஎல்சி என்ற இன்னோர் இலவச இயக்கி. அதன் கருவிகள் பட்டியலில் விளைவுகள், அதில் ‘கம்ப்ரசர்’. ‘திரெஷோல்டு’ என்பது எந்த உயரத்துக்கு மேல் அமுக்கத் தொடங்க வேண்டும் என்ற எல்லை, -24-இல் வையுங்கள். ‘ரேஷியோ’ 2. இதன் பொருள், எல்லைக்கு மேல் 18 டெசிபெல் எழும் தட்டு 9 மட்டும் எழும். கிடைத்த ஒன்பது இதுதான். பிறகு ‘மேக்கப் கெயின்’ 6 கொடுத்தால் மெல்லிய பகுதிகள் ஆறு ஏறும், உச்சிகள் மூன்று இறங்கியே நிற்கும். உங்கள் பதிவு மெலிந்ததாக இருந்தால் எல்லையை இன்னும் கீழே கொண்டுபோக வேண்டும். தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டுக்கொண்டே மெல்ல இறக்குங்கள், தட்டுகள் அடங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

‘அட்டாக்’, ‘ரிலீஸ்’ இரண்டையும் பெரும்பாலோர் தொடுவதில்லை. இசை பிழைப்பதும் சாவதும் அங்கேதான். அட்டாக் என்பது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம். அதை 2 மில்லிவினாடிக்கு இறக்கினால் மிருதங்கத் தட்டின் கூர்முனை மழுங்கி, தலையணையில் தட்டியது போலாகும். 25 முதல் 40 வரை வையுங்கள். முனை தப்பிவிடும், அதன் பின்னால் வரும் உடல் மட்டும் அடங்கும்.

ரிலீஸ் என்பது பிடியை விட எடுக்கும் நேரம். அது குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தம்புராவை வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தம்புரா அமுங்கும், உடனே மேலே வரும், அடுத்த தட்டுக்கு மறுபடி அமுங்கும். பின்னால் யாரோ மூச்சு வாங்குவது போல் இருக்கும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் பிறகு வேறெதுவும் காதில் விழாது. 400 முதல் 600 மில்லிவினாடி வரை ஏற்றுங்கள். தம்புரா அசையாமல் நிற்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள்.

காலையில் அணைத்துவிடுங்கள். விஎல்சி அந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும்; பகலில் கேட்கும்போது ஒருமுறை திறந்து பாருங்கள். சுருக்கிய ஒலியை மூலக் கோப்பின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள். காருக்கென்று சுருக்கிய நகல் வேண்டுமானால் தனிக் கோப்புறையில், ‘கார்’ என்று பெயரிட்டு வையுங்கள்.

10. சரிபார்க்கும் முறை

ஐந்து பாட்டுகளை எடுங்கள்: வீணை அல்லது புல்லாங்குழல் ஒன்று, நாகஸ்வரமும் தவிலும் ஒன்று, பழைய திரைப்பாடல் ஒன்று, புதியது ஒன்று, கேசட்டிலிருந்து மாற்றியது ஒன்று. கலைத்து ஓடவிட்டு, ஒலியளவில் கைவைக்காமல் கடைசி வரை உட்காருங்கள். கை எங்கே துறுதுறுக்கிறதோ அந்தக் கோப்பின் எண்ணை மட்டும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஆல்பம் பெயர் குழம்பியிருக்கும்.

திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துத்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் உரத்தது எப்போதும் தெளிவாகத் தோன்றும். செயலியை நாற்காலியில் வைத்து இரண்டும் ஒரே எண் காட்டும்படி செய்துவிட்டுக் கேளுங்கள். கம்ப்ரசர் விஷயத்தில் இது மிக அவசியம். மேக்கப் கெயின் கொடுத்ததும் ‘ஆகா’ என்று தோன்றுவது பெரும்பாலும் அந்த ஆறு டெசிபெலின் வேலைதான்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். வயது ஏறும்போது உயர்ந்த சுரங்களின் மெல்லிய நுனிகள்தான் முதலில் காதை விட்டுப் போகின்றன. உங்களுக்குச் சரியாக இருக்கும் அளவு அவர்களுக்குப் போதாமல் இருக்கலாம். என் அத்தைக்கு எண்களை மாற்றவில்லை. ஒலிபெருக்கியைச் சுவரோரத்திலிருந்து எடுத்து அவர் நாற்காலிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தேன். தாழ்வாரத்தில் சத்தம் கூடவில்லை, அவருக்குக் கமகத்தின் இழுவை கடைசி வரை கேட்டது.

புதுப் பாட்டுகள் சேரச் சேர மாதம் ஒருமுறை அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஐந்தாம் படியைச் செய்யுங்கள். ஆல்பத்தின் பாதிப் பாட்டுகள் பிறகு வந்து சேர்ந்தால் அந்த ஆல்பத்தை முழுதாக மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். புதியவற்றை மட்டும் செய்தால் ஒரே கச்சேரிக்குள் இரண்டு ஆல்பம் எண்கள் இருக்கும், நடுவில் ஒரு படி இறங்கியது போல் கேட்கும்.